மறைப்புத் துணி

கதவோரத்துக் கூண்டில் இருந்த குஞ்சு விடியும்போதே கறுத்து நின்றது.

குருபிரசாத் முதலில் அதை இலையின் நிழல் என்று நினைத்தான். ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து, விடிந்த பிறகும் வெளிச்சம் முழுதாக வந்திருக்கவில்லை. ஜன்னல் வழியே ஆற்றுச் சேற்றின் வாடையும், கீழ்வீட்டில் யாரோ வெங்காயம் வதக்குகிற வாடையும் ஒன்றாகக் கலந்து மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தன. அவன் தெளிப்பானை எடுத்துக் கூண்டு கூண்டாகத் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தான். செம்பருத்தி இலைகளில் துளிகள் உருண்டன. விரல் நீளம்கூட இல்லாத பச்சோந்திக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்து, தூக்கத்தின் வெளிறல் கலைந்து இளம்பச்சைக்கு மாறி, இலை நுனியில் தொங்கிய துளியை வாயால் எட்டிப் பிடித்தன. கடைசிக் கூண்டில் மட்டும் அது நடக்கவில்லை. அந்தக் குஞ்சு கிளையின் நுனிக்கு வந்து, உடம்பைக் காகிதம்போல் தட்டையாக்கி, பக்கவாட்டில் திரும்பி நின்றது. அடுப்புக்கரி நிறம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எதிரில் இன்னொரு பச்சோந்தி நின்றால் நிற்கிற நிலை அது.

எதிரில் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கறுப்புத் துணி மறைப்பு. பின்னால் சுவர். முன்பக்க வலை மட்டும் திறப்பு.

அவன் குனிந்து, தன் கண்ணைக் குஞ்சின் கண் மட்டத்துக்குக் கொண்டுபோய், அது பார்க்கிற திசையில் பார்த்தான். கதவு. கதவுக்கு அப்பால் படுக்கையறை. உத்திரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில். அதற்குள் பாப்பா.

இந்த வேலையெல்லாம் அவன் மனைவி நித்யாவுடையது. விலங்கியல் படித்தவள். ஏமன் நாட்டு இனத்தில், கூண்டில் பிறந்து முறையாகப் பதிவு செய்த ஒரு ஜோடியை வாங்கி வந்து, பெண்ணுக்கு வயது நிரம்பும்வரை ஆணின் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்து, பிறகுதான் சேர்த்தாள். முட்டைகள் பெட்டியில் அடையில் கிடந்த மாதங்களில் அவளும் உண்டாகியிருந்தாள். இரட்டை. இரண்டும் பெண். ஒரே நஞ்சுக்கொடியில் பெரியது கூடுதலாக எடுத்துக்கொண்டது, சிறியதற்கு மிச்சம்தான் என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னார். கடைசியில் பெரியது மூச்சில்லாமல் வந்தது. நித்யாவும் அன்று மாலையே போனாள். சிறியது நின்றது. அவளுடைய காரியம் முடிந்த வாரத்தில் பெட்டிக்குள் முட்டைகள் பொரிந்தன. அவனுக்கு அழுகை வரவில்லை. செய்ய வேண்டியது தெரிந்திருந்தது, செய்தான்.

குஞ்சுகளைப் பிரித்துத் தனித்தனிக் கூண்டில் விட்டது, ஒன்றை ஒன்று பார்க்காதபடி துணி கட்டியது எல்லாம் அவள் சொல்லி வைத்திருந்தபடிதான். “கடிக்கவே வேண்டாம் குரு,” என்பாள். “பெரிசு சும்மா பாத்துக்கிட்டு நின்னாலே போதும். சின்னது சாப்பாட்ட விட்டுரும். கறுத்து, வத்தி, ஒருநாள் கீழ விழுந்து கெடக்கும். மேல ஒரு கீறல்கூட இருக்காது.”

“ஏலே, இங்கன வா.” படுக்கையறையிலிருந்து அக்கா சுடலைவடிவு கூப்பிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முக்கூடலில் இருந்து வந்து தங்கியிருந்தாள். “வாயில வச்சா வச்ச மேனிக்கே தள்ளுதா. நேத்து ராத்திரியும் குடிக்கல.”

அவன் போய் நின்றான். அக்கா மடியில் பாப்பா இரண்டு கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கிடந்தாள். பால் கடைவாயில் வழிந்தது.

“டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாருல்லா.”

“ஒண்ணும் இல்லன்னா எடை ஏன் இறங்குது? ஆஸ்பத்திரில அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள தனியா கெடந்தப்ப நல்லாத்தான குடிச்சா? வீட்டுக்கு வந்து இந்தத் தொட்டில்ல போட்டதுல இருந்துதான் இப்படி. நெறம்கூடக் கறுத்துப் போச்சு பாரு.” அக்கா பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள். “ஒன் ஓணானுக்குப் பாக்குத பக்குவத்துல பாதி இவளுக்குப் பாரு.”

“ஓணான் இல்லக்கா. பச்சோந்தி.”

“எல்லாம் ஒண்ணுதான். கண்ண உருட்டி உருட்டிப் பாக்கதுல அசல் எங்க மாமனாரு.” சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “அந்தப் பெரிசு எம்புட்டு கொழுகொழுன்னு இருந்துச்சி தெரியுமா. நீ மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேன்னுட்ட.”

அவன் பாப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலாவோடு ஒட்டிய கைகள். ஒருக்களித்த உடம்பு. எதையோ பார்க்காமல் இருப்பதற்காகத் திருப்பிய முகம்.

மத்தியானம் அக்காவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. மகன் வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். “காலைல மொத பஸ்ஸுக்கு வந்திருவேன். பைய பைய, கொஞ்சம் கொஞ்சமா குடு. ஒரேடியா திணிக்காத,” என்று சொல்லிவிட்டு, ஈரம் காயாத சேலையையே பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படிக்கட்டில் தேய்ந்து முடிந்ததும் வீட்டில் குஞ்சுகளின் விளக்கு இரைகிற மெல்லிய சத்தம் மட்டும் மிஞ்சியது.

கொஞ்ச நேரத்தில் அருணாசலம் அண்ணாச்சி கூப்பிட்டார். ஜங்ஷன் பக்கம் மீன்தொட்டி, பறவை வியாபாரம்.

“என்ன வே, குஞ்சுவள எப்பம் அனுப்புதீரு? ஆள் காத்துக்கிட்டு நிக்கான்.”

“இன்னும் வயசாகல அண்ணாச்சி. ஒரு மாசம் போகட்டும்.”

“அட, எல்லாத்தையும் ஒரே அட்டப்பெட்டில போட்டு பஸ்ஸுல ஏத்தி விடும் வே. கோழிக்குஞ்சு வரல?”

“தனித்தனி டப்பான்னாத்தான் தருவேன். ஒண்ணா போட்டா பாதி செத்துரும்.”

“சரி. அந்தத் தாயையாவது இன்னொரு தடவ சேத்து விடுமே. சும்மாதான கெடக்கு?”

“அது இன்னும் தேறல. அடுத்தடுத்து முட்டை வச்சா தாய் செத்துரும் அண்ணாச்சி.”

அந்த வாக்கியம் வாயை விட்டுப் போனபிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. மறுமுனையில் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“மனசுல வச்சுக்கிடாதயும் தம்பி. வியாபாரப் புத்தி. போயி பிள்ளையளப் பாரும், ரெண்டும் சேந்து அழுவுது.”

“என்னது?”

“ரெண்டு பிள்ளைய அழுவுதுல்லா? ஒண்ணு சன்னமா, ஒண்ணு கட்டத் தொண்டைல. யாரும் விருந்தாளுவ வந்திருக்காவளோ?”

குருபிரசாத் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டான். படுக்கையறையில் ஒரு அழுகைதான் கேட்டது. சன்னமானது. அவன் மகளுடையது.

“ஒண்ணுதான் அண்ணாச்சி.”

“ஒண்ணா? அப்பம் போன்ல எதிரொலிக்கும்போல.”

அவன் படுக்கையறை வாசலில் நின்று தொட்டிலைப் பார்த்தான். நித்யாவின் பழைய நூல்சேலை, நீலத்தில் வெள்ளைப் புள்ளி. காற்று இல்லை. தொட்டில் அசையவும் இல்லை. அழுகை நின்றிருந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் புளித்த பால் வாடையும், அதற்கு அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு இனிப்பு வாடையும், ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டின் வராந்தாவில் அவன் அன்று முழுக்க மூச்சில் வாங்கிய அதே வாடையும், தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை தேங்கி நிற்பதுபோல் இருந்தது.

பயப்படுவதற்குப் பதிலாக அவன் சோதித்துப் பார்த்தான். அவன் படித்தது வேதியியல். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

சில சமயம் குஞ்சு தன் பிம்பத்தைப் பார்த்தும் கறுக்கும். பீரோக் கண்ணாடியில் போர்வையைத் தொங்கவிட்டான். ஜன்னல் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டினான். திரும்பி வந்து பார்த்தான். கதவோரத்துக் குஞ்சு அப்படியேதான் நின்றது.

ஒரு செம்பருத்திக் குச்சியை நீட்டி அதை ஏற்றிக்கொண்டான். கூடத்தின் மூலைக்கு, படுக்கையறை தெரியாத இடத்துக்குக் கொண்டுபோனான். சுவரின் மறைவுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கறுப்பு கரைந்தது. பச்சை ஏறியது. ஒரு பழ ஈயைப் பிடித்துக்கூடத் தின்றது.

மறுபடி வாசலை நோக்கி நடந்தான். நிலைப்படியில் தொண்டையில் புள்ளிகள் தோன்றின. உள்ளே காலெடுத்து வைத்தான். விலாவில் கோடுகள் ஓடின. தொட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் அது முழுக்கக் கரியாகிவிட்டது.

பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழலும். ஒன்று கூரையைப் பார்த்தால் ஒன்று தரையைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் நிலைப்பது, எதிரில் உயிரோடு ஏதோ இருந்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும்போதுதான்.

இரண்டு கண்களும் சேர்ந்தன.

பாப்பாவின் மேல் இல்லை. அவள் தலைமாட்டில் இருந்தாள். குஞ்சு பார்த்தது கால்மாட்டை. வெறும் சேலை மடிப்பை.

பிறகு பார்வை நகர்ந்தது. மிக மெதுவாக. கால்மாட்டிலிருந்து மேலே. பாப்பாவின் முழங்கால். வயிறு. மார்பு. ஏதோ ஒன்று தவழ்ந்து ஏறுகிற வேகத்தில். அது முகத்தருகே போனதும் பாப்பா கண்களை இறுக மூடிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குஞ்சு குச்சியிலிருந்து கைவிட்டுத் தரையில் பொத்தென்று விழுந்தது.

அவன் குனிந்து அதை எடுத்தபோது தொட்டிலின் அடிப்பக்கம் கண்ணுக்கு நேராக வந்தது.

சேலை இரண்டு இடத்தில் இறங்கியிருந்தது.

அக்கா துணி ஏதாவது மடித்து வைத்திருப்பாள். அப்படித்தான் நினைத்தான். மேலிருந்து எட்டிப் பார்த்தான். பாப்பா மட்டும். மீண்டும் கீழே குனிந்தான். தலைமாட்டில் சின்னதாக ஒரு புடைப்பு. அதன் அருகில் நன்றாகக் கனத்துத் தொங்கும் இன்னொன்று. உள்ளங்கையை அதன் அடியில் கொடுத்தான். சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்தான்.

சூடாக இருந்தது.

கையை உதறிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தான். குஞ்சைக் கூண்டில் விட்டான். அக்காவின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னே துண்டித்தான். என்ன சொல்வது? யாரிடம் சொல்வது? டாக்டர் ஊசி போடுவார். அக்கா கோயிலுக்குக் கூப்பிடுவாள். ஆனால் அவனுக்குத் தெரியும். வற்றிப்போகிற குஞ்சு எப்படி இருக்கும், ஏன் வற்றுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று இந்த வீட்டில் அவனுக்குத் தெரியும். பார்வையை மறைக்க வேண்டும். அவ்வளவுதான். இன்றைக்கே மறைக்க வேண்டும். பாப்பாவின் உள்ளங்காலில் போய்க் கிள்ளிப் பார்த்தான்; இப்போது அழுகை வரவில்லை.

மிச்சமிருந்த கறுப்புத் துணியை எடுத்தான். கூடத்தின் நடுவில், கூண்டுகளுக்கு முன்னால், நாலு நாற்காலிகளை நிறுத்தி நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் சுற்றிக் கட்டினான். உள்ளே பாய், மெத்தை, வெந்நீர், பால்பொடி, புட்டி. கட்டி முடிக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை பிடித்தது. மின்சாரம் போனது. குஞ்சுகளின் விளக்குகள் ஒருசேர அணைந்தன. அவசர விளக்கை ஏற்றித் துணி மறைப்புக்குள் வைத்தான்.

போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போனவன் வாசலில் அதை அணைத்தான். பிரிக்கிற வேலையை இருட்டில்தான் செய்ய வேண்டும். வெளிச்சத்தில் பிரித்தால் குஞ்சுகள் ஒன்றை ஒன்று பார்த்து மிரளும். விளக்கை அணைத்துவிட்டு, கைத்தடவலில்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று நித்யா சொல்லி வைத்திருந்தாள். அவன் அப்படித்தான் எடுத்துப் பழகியிருந்தான்.

இருட்டு. மழைச் சத்தம். இனிப்பு வாடை.

கொக்கியிலிருந்து இறங்கும் சேலையைத் தடவிக் கண்டுபிடித்தான். விளிம்பை விலக்கி உள்ளே கையை விட்டான்.

ஒரு பிஞ்சுக் கை அவன் விரலைப் பிடித்தது. இறுக்கமாக. பாப்பா இதுவரை இப்படிப் பிடித்ததில்லை. “இதோ, இதோ, அப்பா வந்துட்டேன்,” என்றான். கழுத்துக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். எடுக்கும்போது புறங்கையில் ஏதோ உரசியது. லேசாக. சேலையின் குஞ்சம்போல. அவன் நிற்கவில்லை. கூடத்துக்கு வந்து, துணியை நீக்கி உள்ளே நுழைந்து, பின்னால் இறுக மூடினான்.

புட்டியை வாயில் வைத்தான்.

குடித்தாள்.

முதலில் நம்பவில்லை. பிறகு புட்டியில் குமிழிகள் ஏறுவதைப் பார்த்தான். சப்புகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. தொண்டை ஏறி இறங்கியது. அரைப் புட்டி. முக்கால். காலியானதும் ரப்பரைக் கடித்து இழுத்தாள். இன்னொரு புட்டி கரைத்தான். அதுவும் போனது. அவசர விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் கன்னத்தில் நிறம் ஏறுவது தெரிந்தது. குருபிரசாத் அழுதான். நித்யாவை எரித்த அன்றும் வராத அழுகை, குலுங்கிக் குலுங்கி வந்தது. “நித்யா, குடிக்கா. குடிக்கா,” என்று சத்தமாகவே சொன்னான். மூன்றாவது புட்டியைக் கரைத்துத் தரையில் வைத்தான்.

பால் குடித்த முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. மடி கனத்தது.

மடி மிகவும் கனத்தது.

அவன் துணியைக் கொஞ்சம் விலக்கிக் கூடத்தைப் பார்த்தான். விளக்கின் ஒரு கீற்று கூண்டுகளின் மேல் விழுந்தது. இந்நேரம் குஞ்சுகள் வெளிறி, வாலைச் சுருட்டி, இலை நுனிகளில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றும் தூங்கவில்லை. எல்லாக் கூண்டிலும், எல்லாக் கிளை நுனியிலும், கரிக்கட்டைபோல் கறுத்து, தட்டையாகி, வாய் பிளந்து நின்றன. எல்லாக் கண்களும் ஜோடி சேர்ந்திருந்தன. இந்தத் துணி மறைப்பைப் பார்த்து. இதன் உள்ளே பார்த்து.

குஞ்சுகளைப் பிரிக்கும்போது விரலை நீட்டினால் முதலில் எட்டிப் பிடிப்பது பெரியதுதான். சின்னது வராது. சின்னதைத் தேடி எடுக்க வேண்டும்.

படுக்கையறையிலிருந்து அழுகை கேட்டது. சன்னமாக.

அவன் மடியில் இருந்ததை மெத்தையில் வைத்துவிட்டு ஓடினான். போன் வெளிச்சம். தொட்டில். சேலை நேராகத் தொங்கியது. கனமில்லாமல். உதறினான். கீழே தேடினான். கட்டிலடி. பீரோ ஓரம். அழுகை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அழுகைக்கு உடம்பு இல்லை. அவன் காலடியைக் கடந்து கூடத்தை நோக்கிப் போனது. பசிக்கிற பிள்ளை பால் வாடைக்குப் போவதுபோல.

அவனும் போனான். துணிக்குள் நுழைந்தான். அழுகை வெளியிலேயே நின்றது. துணிக்கு மறுபக்கம். முழங்கால் உயரத்தில்.

பிறகு அழுகை நின்றது.

கறுப்புத் துணியில் ஓரிடம் வெளிப்பக்கமாகச் சிறிது குழிந்தது. விட்டது. குழிந்தது. அந்த இடம் மட்டும் ஈரமானது. ஒரு சின்ன வாய் அளவு.

அவன் துணியைக் கிழித்தான். மறுபக்கம் தரை மட்டும். கிழியாத மிச்சத்தில் அந்தக் குழி மட்டும். புட்டியை எடுத்து ரப்பரை அந்தக் குழியில் வைத்து அழுத்தினான். “பாப்பா. குடி. பைய. குடிடா.” பால் துணியில் இறங்கி, நூல்நூலாக வழிந்து, தரையில் தேங்கியது. குழி ஆழவில்லை. இழுப்பு தளர்ந்தது. விட்டது. வெகு நேரம் கழித்து ஒரு தடவை.

மெத்தைப் பக்கமிருந்து, இன்னும் வேண்டும் என்று நாக்கைச் சப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.